கலியாணசுந்தரம் பேசுகிறார்

"இன்னைக்கு ஆபீஸ்ல என்னா நடந்துச்சு தெரியுமா?" என்று கலியாணசுந்தரம் சட்டைப் பொத்தானைக் கழற்றியபடியே ஆரம்பித்தார்.

மூத்த மகள் கோகிலா எழுந்து போய் ரேடியோவின் குமிழைத் திருகினாள். அதுவரை மூலையில் முனகிக்கொண்டிருந்த பாடகி நடுக்கூடத்துக்கே வந்துவிட்டாள்.

"சத்தத்தைக் கொஞ்சம் குறைம்மா."

"இந்த ஒரு பாட்டு மட்டும்ப்பா."

பாட்டு முடிந்தது. கலியாணசுந்தரம் மூச்சை இழுத்துக்கொண்டு, "நம்ம தவுக்கே இருக்காரே..." என்றார். அதற்குள் பல்பொடி விளம்பரம் தொடங்கியிருந்தது. மகன் தியாகு கன்னத்தில் கைவைத்து அதில் மூழ்கிப்போனான். கடைக்குட்டி ஜெயா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். மனைவி பாக்கியலட்சுமி சமையற்கட்டிலிருந்து கரண்டியோடு வந்து நின்று, பல்பொடியின் மகிமையைத் தேவாரம் கேட்பதுபோலக் கேட்டாள்.

"ஏன் பாக்கியம், நாமதான் அந்தப் பல்பொடியை வாங்குறதே இல்லையே?"

"ஸ்ஸ்! கேக்க விடுங்க."

கலியாணசுந்தரம் மலாக்கா ஆற்றோரத்தில் ஒரு ரப்பர் வியாபாரியின் அலுவலகத்தில் தலைமை கிளார்க். காலையிலிருந்து மாலை வரை அவர் அங்கே முதலாளியிடம் பேசுவது, "சரிங்க தவுக்கே" என்பது ஒன்றுதான். பேசாத சொற்கள் எல்லாம் நாள் முழுக்க நெஞ்சில் சேர்ந்து, சைக்கிள், வீடு இருக்கும் காஜா பெராங் தெரு முனை திரும்பும்போது தொண்டை வரை ஏறி நிற்கும். வீட்டுப் படியில் கால் வைத்ததும் கொட்டிவிடலாம் என்று வருவார். வந்தால், அவருக்கு முன்பே ரேடியோ பேசிக்கொண்டிருக்கும்.

அதை வாங்கியவரும் அவர்தான். மலாயாவின் சுதந்திர நாளன்று மெர்டேக்கா முழக்கத்தைக் கேட்பதற்கென்றே வாங்கினார். அன்று தெருவே அவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கேட்டது. வாசலில் நின்றவர்களுக்கெல்லாம் அவரே இடம் பார்த்து உட்கார வைத்தார். இப்போது மெர்டேக்கா கிடைத்து நாலாவது வருஷம். நாட்டுக்கு வந்த சுதந்திரம் தன் கூடத்தை விட்டுப் போய்விட்டதே என்று அவருக்கு மனக்குறை.

'இது ஒரு நோய்,' என்று முடிவு கட்டினார். 'பிள்ளைகள் ரேடியோவுக்கு அடிமையாகிவிட்டார்கள். அடித்துத் திருத்தக் கூடாது. பக்குவமாகக் கற்றுக்கொடுக்க வேண்டும்.'

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. குடும்பத்தைக் கூட்டி உட்கார வைத்தார்.

"ரேடியோ நல்ல வேலைக்காரன். ஆனா அவனை முதலாளி ஆக்கிடக் கூடாது. இனிமே ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் ரேடியோ. எந்த நேரம்னு நீங்களே தீர்மானிங்க. இதுதான் ஜனநாயகம்."

நால்வரும் சமையற்கட்டுக்குள் போனார்கள். மாங்காய் ஊறுகாயா எலுமிச்சை ஊறுகாயா என்பதில்கூட ஒத்துப்போகாத குடும்பம், போன வேகத்தில் ஒரே முடிவோடு திரும்பி வந்தது.

"சாயந்திரம் ஆறுலேர்ந்து ஏழுப்பா," என்றாள் கோகிலா.

கலியாணசுந்தரத்துக்குப் பகீர் என்றது. அவர் வீடு வந்து சேருவதே ஆறு மணிக்கு.

"வேற நேரம் இல்லையா?"

"அதுக்கு முன்னாடி வீட்டுப்பாடம் இருக்கு. அதுக்கப்புறம் சாப்பாடு. நீங்கதானே படிப்பு கெடக் கூடாதுன்னு சொன்னீங்க?"

மறுநாள் ஆறு மணிக்கு வந்து பார்த்தார். மூன்று பிள்ளைகளும் ரேடியோ முன்னால் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அதில் ரப்பர் விலை, அதாவது கித்தா விலை, சொல்லிக்கொண்டிருந்தார்கள். பகலெல்லாம் கித்தா விலையை எழுதி எழுதிக் கை வலித்துப்போய் வந்த மனிதர், வீட்டிலும் கித்தா விலையைக் கேட்டார். கித்தா முடிந்ததும் ஈயம். ஈயம் முடிந்ததும் கொப்பரை.

"ஜெயா, உனக்கு இதெல்லாம் புரியுதா?"

"கொப்பரை இறங்கிடுச்சுப்பா," என்றாள் ஜெயா கவலையோடு.

கொப்பரை விலையைக்கூட விட மனசில்லாத அளவுக்கு நோய் முற்றிவிட்டது என்று கலியாணசுந்தரம் நடுங்கினார்.

பக்குவம் போதாது, வைத்தியம் வேண்டும் என்று தோன்றியது. அடுத்த நாள் காலையில் யாரும் பார்க்காத சமயம் ரேடியோவின் பின்பக்கத்தைத் திறந்து, ஒரு வால்வைப் பிடுங்கிக் கைக்குட்டையில் சுற்றிக் கால்சட்டையின் பின்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார்.

அன்று மாலை வீடு அமைதியாக இருந்தது. கலியாணசுந்தரம் பேசினார். தவுக்கேவின் கடிதத்தில் தான் ஒரு காற்புள்ளி சேர்த்ததையும், அதைத் தவுக்கே எடுத்துவிட்டதையும், அப்போது தான் சொன்னதையும், சொல்லியிருக்க வேண்டியதையும் சொன்னார். அங்கிருந்து தமிழின் தொன்மைக்குப் போய், வாரம் ஒருமுறை எண்ணெய் தேய்த்துக் குளிப்பதன் அவசியத்துக்கு வந்தார். சோறு ஆறிப்போனது. ஜெயா உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள்.

"பாத்தியா பாக்கியம், ரேடியோ இல்லாட்டி குழந்தைக்கு எவ்வளவு நல்லா தூக்கம் வருது!" என்றார். அப்படி ஒரு நிறைவு அவருக்கு வந்து வெகு நாளாகியிருந்தது.

அடுத்த நாள் வந்தபோது வீட்டில் ஒருவரும் இல்லை.

பலகைச் சுவருக்கு அந்தப்பக்கம், ரோஷன் பீவி வீட்டில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தார். தன் மனைவி மக்கள் அத்தனை பேரும் அங்கே பாயில் உட்கார்ந்திருந்தார்கள். ரோஷன் பீவியின் கணவர் அலி அக்பர் துக்காங் எமாஸ் தெருவில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர், மரியாதை தெரிந்தவர். எழுந்து வந்து வரவேற்றார்.

"வாங்கண்ணே, உக்காருங்க. தேத்தண்ணி போடச் சொல்றேன்."

"தேத்தண்ணி இருக்கட்டும் தம்பி. இந்த ரேடியோ விஷயமா உங்ககிட்ட ரெண்டு வார்த்தை..."

"நியூஸ் வருதுண்ணே. ஒரு நிமிஷம்," என்று அலி அக்பர் குமிழைத் திருகினார். செய்தி முடிந்தது. "மழை வருமான்னு சொல்வான், அதையும் கேட்டுருவோம்," என்றார். மழை இல்லை என்றார்கள். பிறகு நாதஸ்வரம். கலியாணசுந்தரம் வாயைத் திறந்தபோதெல்லாம் ரோஷன் பீவி, "இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி ஊத்தவாண்ணே?" என்று கேட்டாள். வயிறு முட்டக் குடித்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்தார். பின்பையில் நறுக்கென்று ஒரு சத்தம் கேட்டது.

வால்வு!

பொன்னுதுரை என்பவர் பசார் பக்கம் ரேடியோக் கடை வைத்திருந்தார். கைக்குட்டையை விரித்துக் கண்ணாடித் தூளைப் பார்த்ததும் அவர் முகத்தில் துக்கமும் மகிழ்ச்சியும் ஒரே நேரத்தில் தோன்றின.

"இந்த வால்வு இப்ப வர்றதே இல்ல சார். இது பழைய மாடல். பேசாம பழசைக் கொடுத்துட்டு இதை எடுத்துட்டுப் போங்க. ரெண்டு ஸ்பீக்கர்!"

"எனக்கு ஒண்ணே அதிகம்."

"வீட்டுல கேட்டுப் பாருங்களேன்."

வீட்டில் கேட்டார். கோகிலா ஒரே ஒரு சந்தேகம்தான் கேட்டாள். "சத்தம் பழசைவிட ஜாஸ்தியா வருமாப்பா?"

வந்தது. புது ரேடியோவைப் போட்டதும் அலமாரியில் இருந்த பீங்கான் தட்டுகள் தாளம் போட்டன.

இனி இது ஒரு வீட்டுப் பிரச்சினை இல்லை, சமூகப் பிரச்சினை என்று கலியாணசுந்தரத்துக்குப் புரிந்தது. தன் வீட்டைத் திருத்த வேண்டுமானால் தெருவைத் திருத்த வேண்டும். காஜா பெராங் வாசகசாலையில் ஒரு சனிக்கிழமை மாலை பொதுக்கூட்டம் போட்டார். தலைப்பு, 'வானொலியை நாம் ஆள்வதா, வானொலி நம்மை ஆள்வதா?'

கூட்டம் நன்றாகவே சேர்ந்தது. ஒலிபெருக்கிக்காரன் முன்கூட்டியே வந்து பாட்டுத் தட்டுகளைப் போட்டிருந்தான். கலியாணசுந்தரம் எழுந்து, "பெரியோர்களே! தாய்மார்களே!" என்றதும், "இன்னொரு பாட்டு போட்டுட்டு ஆரம்பிங்க சார்!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. பேசத் தொடங்கியதும் முதலில் பிள்ளைகள் போனார்கள். பிறகு பிள்ளைகளைத் தேடித் தாய்மார்கள் போனார்கள். அதன்பின் தாய்மார்களைத் தேடிப் பெரியோர்களும் போனார்கள்.

கடைசி வரை அசையாமல் உட்கார்ந்து, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டி ரசித்தவர் கம்போங் செட்டி அப்பாசாமி பிள்ளை ஒருவர்தான். கலியாணசுந்தரத்துக்குக் கண் கலங்கிவிட்டது. இறங்கிப் போய் அவர் கைகளைப் பற்றிக்கொண்டு, பேச்சில் எந்தப் பகுதி பிடித்தது என்று கேட்டார். பிள்ளை மலாயில் பதில் சொன்னார். தலைமுறை தலைமுறையாக மலாய் பேசும் மலாக்காச் செட்டிகளில் ஒருவர் அவர்; தமிழ் தெரியாது. ஆனால், குரல் அருமையாக இருந்ததாம். ஆற்றில் நீர் ஓடுவதுபோல நிற்கவே இல்லையாம்.

கூட்டத்துக்குப் பலன் இல்லாமல் போகவில்லை. அடுத்த வாரம் பொன்னுதுரை ஒரு டஜன் ஆரஞ்சுப் பழத்தோடு வீட்டுக்கே வந்தார்.

"ரொம்ப நன்றி சார். உங்க கூட்டத்துக்கு வந்தவங்க நேரா என் கடைக்குத்தான் வந்தாங்க. உங்க தெருவுல இனி ரேடியோ இல்லாத வீடே இல்ல."

"நான் ரேடியோவைக் குறைக்கணும்னுல்ல பேசினேன்?"

"அதான் சார். நீங்க அரை மணி நேரம் பேசினதுமே எல்லாரும் முடிவு பண்ணிட்டாங்க."

எப்படி முடிவு செய்தார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. வேறு யோசனை ஓடிக்கொண்டிருந்தது. பெரியவர்கள் கெட்டுப்போனவர்கள், பிள்ளைகளை மட்டுமாவது காப்பாற்றிவிடலாம். வாசகசாலையில் வாரம் ஒரு வகுப்பு, 'கேட்கும் கலை'. இந்த முறை ரேடியோவையும் கையோடு எடுத்துப் போனார். கொஞ்சம் கேட்க வேண்டும், அணைக்க வேண்டும், கேட்டதைப் பற்றிச் சிந்திக்க வேண்டும். இதுதான் அவர் முறை.

தெருப் பிள்ளைகள் எல்லோரும் வந்துவிட்டார்கள். ரேடியோவில் ஒரு தொடர் நாடகம் ஓடியது. கலியாணசுந்தரம் குமிழில் கை வைத்தபடி தயாராக நின்றார். மாமியார் வெளியே போன நேரத்தில் மருமகள் அவளுடைய பெட்டியைத் திறக்கப் போகிறாள். இந்த இடத்தில் அணைத்து, 'இது சரியா தவறா, சிந்தியுங்கள்' என்று கேட்பதாக இருந்தார். மருமகள் சாவியைப் போட்டாள். வாசலில் காலடிச் சத்தம் கேட்டது. நாடகம் முடிந்து, அறிவிப்பாளர் அடுத்த வாரம் என்று சொன்ன பிறகுதான் கலியாணசுந்தரத்துக்குத் தன் கை இன்னும் குமிழ்மேலேயே இருப்பது தெரிந்தது.

"சார், எப்ப அணைப்பீங்க?" என்றாள் ஒரு சிறுமி.

"அடுத்த வாரம்," என்றார் கலியாணசுந்தரம். அந்த வாரம் முழுக்க, அலுவலகத்தில் கித்தா விலைக்கு நடுவே, காலடிச் சத்தம் யாருடையது என்றே யோசித்துக்கொண்டிருந்தார். தனக்கே சிரிப்பாக இருந்தது. ஊருக்கு வைத்தியம் பார்க்கப் போனவனுக்கே காய்ச்சல்!

வகுப்பின் புகழ் பரவியது. பொன்னுதுரைக்கு வியாபாரம் கொழித்தது. அந்த நன்றியை அவர் மறக்கவில்லை. கோலாலம்பூர் வானொலி நிலையத்தில் அவருக்கு ஒரு மைத்துனர் இருந்தார். ஒருநாள் பொன்னுதுரை கடை வாசலில் கலியாணசுந்தரத்தின் சைக்கிளை மறித்து நிறுத்தினார்.

"சார், உங்களை ரேடியோவுல பேசக் கூப்பிடுறாங்க! 'வானொலியை அளவோடு கேட்பது எப்படி'. அடுத்த புதன்கிழமை, சாயந்திரம் ஆறே காலுக்கு."

சைக்கிள் சாய்ந்தது. பொன்னுதுரைதான் பிடித்துக்கொண்டார்.

வீட்டில் சொன்னபோது பாக்கியலட்சுமி மகிழ்ந்துபோனாள். "தாராளமா போயிட்டு வாங்க. அவ்வளவு தூரம் போறீங்க, அங்கேயே செந்தூல்ல உங்க தங்கச்சி வீட்டுல ரெண்டு நாள் இருந்துட்டே வாங்களேன். அவளும் ஆசைப்படுவா." பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு பெட்டி அடுக்கினார்கள். தன்மேல் இவர்களுக்கு இவ்வளவு பிரியமா என்று கலியாணசுந்தரம் உருகினார்.

தம்பின் ஸ்டேஷன் வரை பஸ், அங்கிருந்து ரயில். ஜன்னலோரம் உட்கார்ந்து வழியெல்லாம் ஒன்றையே நினைத்துச் சிரித்துக்கொண்டார். இத்தனை நாள் கோகிலா குமிழைத் திருகினால் அப்பாவின் குரல் அமுங்கும். புதன்கிழமை ஆறே காலுக்குத் திருகினால் அப்பாவின் குரல்தான் ஓங்கும். ரெண்டு ஸ்பீக்கர்!

நிலையத்தில் அவரை ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது. கலியாணசுந்தரம் பேசினார். யாரும் குறுக்கே பேசவில்லை. யாரும் தேத்தண்ணி ஊற்றவில்லை. பாட்டுக் கேட்கவில்லை, எழுந்தும் போகவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக, எடுத்த வாக்கியத்தையெல்லாம் முடித்தார். கடைசியில், "வானொலிப் பெட்டி நம் வீட்டு விருந்தாளி. விருந்தாளி பேசும்போது வீட்டுக்காரன் ஊமையாகிவிடக் கூடாது," என்றார். நெஞ்சில் இருந்ததைச் சொல்லிவிட்டார். கூடத்தில் உட்கார்ந்து கோகிலாவும் தியாகுவும் ஜெயாவும் இதைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். பாக்கியம் கரண்டியோடு வந்து நிற்பாள்.

வெள்ளிக்கிழமை மாலை மலாக்கா வந்து இறங்கினார். கம்போங் செட்டி முனையில் அப்பாசாமி பிள்ளை இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு, "பாகுஸ்! பாகுஸ்!" என்று ஓடிவந்தார். பேச்சை முழுக்கக் கேட்டாராம், பிரமாதமாம். தமிழ் தெரியாதவரே இப்படிக் கொண்டாடினால், தமிழ் தெரிந்தவர்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள்! கலியாணசுந்தரம் நடையை எட்டிப் போட்டார்.

தெருவில் ஒரு வீட்டிலும் ரேடியோச் சத்தம் இல்லை. அவர் வீட்டிலும் இல்லை. கோகிலா தலை பின்னிக்கொண்டிருந்தாள். தியாகு படித்துக்கொண்டிருந்தான். ஜெயா படியில் உட்கார்ந்து பூ தொடுத்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டீங்களா?" என்றார் பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல்.

நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்னாதுங்க?" என்றாள் பாக்கியலட்சுமி.

"நான் பேசினதை! புதன்கிழமை! ரேடியோவுல!"

"அடக் கடவுளே..." பாக்கியலட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "ரேடியோவே போடலீங்க. நீங்க போன நாள்லேர்ந்து அதை யாரும் தொடவே இல்ல."

பெட்டி கையிலிருந்து தானாக இறங்கியது. கலியாணசுந்தரம் நாற்காலியில் உட்கார்ந்தார். பிள்ளைகளுக்குப் பாவமாக இருந்தது. ஜெயா பூவோடு வந்து அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பிறகு, மெல்ல மெல்ல அவர் முகம் மலர ஆரம்பித்தது.

"தொடவே இல்லையா?"

"இல்லீங்க."

"ஒருத்தர்கூட? கித்தா விலைகூடக் கேக்கலையா?"

"இல்லப்பா," என்றான் தியாகு.

"அப்படின்னா, நான் சொல்லிக்கொடுத்தது வீண் போகலை!" கலியாணசுந்தரம் துள்ளி எழுந்தார். "அளவோடு கேக்கணும்னு சொன்னேன். பெத்த அப்பனே ரேடியோவுல பேசுறப்பகூட மனசை அடக்கிட்டீங்களே! தெருவே அமைதியா இருக்கு. நோய் தீர்ந்துடுச்சு பாக்கியம்! ஊரே திருந்திடுச்சு!"

"ஆமாங்க," என்றாள் பாக்கியலட்சுமி அவசரமாக. "நீங்க சொன்னதைத்தான் செஞ்சோம்."

அவருக்குக் கண்ணில் நீர் திரண்டது. ஒவ்வொரு பிள்ளையின் தலையிலும் கை வைத்துத் தடவிக்கொடுத்தார். நாற்காலியைக் கூடத்தின் நடுவில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கவலைப்படாதீங்க. என் பேச்சை நீங்க கேக்காம போயிடக் கூடாது. ஒரு எழுத்து விடாம ஞாபகம் இருக்கு. முதல்லேர்ந்து சொல்றேன். ரயில்ல ஏறினதுலேர்ந்தே சொல்றேன்."

கோகிலாவின் பார்வை ரேடியோப் பக்கம் போயிற்று. ஆனால், இப்போதுதானே கட்டுப்பாட்டுக்காகத் தலையைத் தடவி மெச்சியிருக்கிறார்! ஒருவரும் அசையவில்லை. கலியாணசுந்தரம் பேசினார். தம்பின் ஸ்டேஷனைத் தாண்டினார். எதிர் இருக்கைக்காரரோடு தான் நடத்திய விவாதத்துக்கு வந்தார். வீடு அப்படி ஓர் அமைதியோடு கேட்டுக்கொண்டிருந்தது. இனி ஆயுசு முழுக்க இப்படியே என்று நினைத்தபோது அவர் குரல் இன்னும் கணீரென்று எழுந்தது.

பலகைச் சுவருக்கு அப்பாலிருந்து ரோஷன் பீவி பதறிக்கொண்டு கூப்பிட்டாள்.

"யக்கா, அண்ணன் வந்துட்டாரு போல இருக்கே, பேச்சு முழுசா இங்க கேக்குது... உங்க ரேடியோ கெட்டுப்போச்சா, எங்களதைச் சத்தமா வைக்கவா?"